உடுப்பு கூடிப்போச்சாம், குறைஞ்சும் போச்சாம்

2025 ஜூலை 14, திங்கள்
இன்றும் கிண்ணியாக் கடைத்தெருவில் என்னை மறித்து வாழ்த்தினார்கள். ஐம்பது மீற்றர் பிரீஸ்டைலில் தேசிய சாதனையாம். கொழும்பில் நீந்திவிட்டு வந்து ஒரு கிழமை. நீச்சல் சங்கத்திடமிருந்துதான் ஒரு சொல்லும் இல்லை.

ஜூலை 17
சொல் வந்துவிட்டது. பயிற்சியாளர் இராகுலன் சேர் போன் எடுத்தார்.
"ரிப்கா, சாதனையை ஏற்கேலாதாம். கையையும் காலையும் மூடின உடுப்பால உங்களுக்கு வேகம் கூடுதாம். பதக்கத்தையும் திருப்பிக் கேக்கினம்."
வேகம் கூடுதா? ஒவ்வொரு கைவீச்சுக்கும் அந்தத் துணி தண்ணியப் பிடிச்சு இழுக்குது. உடுத்து ஒருக்கா நீந்திப் பார்க்கட்டும் அவர்கள்.

ஜூலை 18
உம்மாவின் தம்பி லாபிர் மாமா வந்தார். போனில் என் படத்தைப் பார்த்தாராம். "உடுப்பு உடம்போட ஒட்டிக் கிடக்கு. கலியாணம் ஆகாத குமருக்கு இது சரியில்ல புள்ள."
அங்கே கூடிப்போச்சு, இங்கே குறைஞ்சுபோச்சு. நடுவில் ஒருத்தி நீந்தினவள் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கா?

ஜூலை 20
செப்டெம்பரில் வரும் அடுத்த போட்டியில் என்னை முழங்கால் வரையான உடுப்போடு நீந்தட்டாம். சேர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அதுதான் இன்னும் எரிச்சல். "ஏலாது சேர்" என்றேன். வாப்பாவுக்குப் பயந்தில்லை, மாமாவுக்குப் பயந்தில்லை. எனக்கு விருப்பமில்லை. இதை எத்தனை தரம்தான் சொல்லுறது?

ஆகஸ்ட் 2
இன்றும் பயிற்சிக்குக் கடலில் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 9
நிவேதிகா சல்லிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். சேரிடம் என்னோடு நீச்சல் பழகுகிறவள், அன்று கொழும்பில் எனக்கு அடுத்ததாக வந்தவள்.
"உன்ர பதக்கத்தை எனக்குத் தரப் பார்க்கினம். வேண்டாமெண்டு சொல்லிட்டன்."
"ஏன்? சும்மா கிடைக்கிறதுதானே."
"உன்னை முந்தி எடுக்கிறன். நீ முதல்ல தண்ணிக்குள்ள இறங்கு."
முழுக்க மூடின உடுப்பிலும் சங்கம் ஏற்கிற வகை இருக்காம், சேர் கேட்டு அறிந்தாராம். இதை முதலே சொல்ல வாய் இல்லையா அவர்களுக்கு?

ஆகஸ்ட் 24
புது உடுப்பு வந்தது. அக்குளில் வெட்டுகிறது. சனியன்.

செப்டெம்பர் 13, சனி
கொழும்பு. காலையில் முதல் சுற்றிலேயே சாதனை நேரத்தில் வந்துவிட்டேன். நடுவர் அம்மா உடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவ்வளவுதான், ஏற்றுக்கொண்டாயிற்று. இதற்கா இத்தனை மாதக் கதை?
மத்தியானம் இறுதிப்போட்டி. நிவேதிகா என்னை முந்திவிட்டாள், என் சாதனையையும் உடைத்துவிட்டாள். என் பெயரில் அது ஒரு சோறு தின்னும் நேரம்தான் இருந்தது.
இப்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரை கொள்கிறாள். எனக்குச் சரியான கோபம். பாய்ந்ததும் தலையைத் தூக்கிவிட்டேன், பிழை அதுதான், வேறு ஒருவரிலும் இல்லை. திங்கள் காலையே திருத்தத் தொடங்க வேணும்.