எந்தப் பஞ்சாயத்து என்று கேட்டார்களே, எல்லம்மா

என் கண்ணே எல்லம்மா,

உனக்குப் படிக்கத் தெரியாது. நீ இருந்தபோதும் நான்தான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். டீக்கடையில் யாராவது உரக்கப் படிப்பார்கள், நீ எங்கே இருந்தாலும் காதில் விழும் என்று ஒரு நினைப்பு.

மறுபடியும் நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டது. பழவேற்காட்டில் காலையிலிருந்து ஜீப் சத்தம்தான். நாளைக்கு மீன் மார்க்கெட்டுக்கு வேட்பாளர் வருகிறாராம். எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. போன தேர்தலிலும் இப்படித்தான் பயந்தேன். ஆனால் அப்போது நீ பக்கத்தில் இருந்தாய்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

பிரதமரைச் சுட்டுக்கொன்ற வருஷம் அது. என் வீட்டுக்காரர் குவைத்தில் கார் பழுதுபார்க்கிற வேலையில் இருந்தார். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். அப்படி வந்த ஒரு கேசட்டை நான் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீ மீன்கூடையோடு வாசலில் வந்து உட்கார்ந்தாய். இறால் வாங்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் கேசட்டில் ஒரு பொம்பளை அரபியில் அழுதுகொண்டிருந்தாள்.

“யாருக்கா அது? இன்னா சொல்லி அழுவுது?” என்று கேட்டாய்.

அவர் குடியிருந்த கட்டிடத்தில் மேல் மாடிக்காரம்மா அவள். பாலஸ்தீனத்துக்காரி. பெய்ரூத்தில் அகதி முகாமில் இருந்த தங்கையைக் குடும்பத்தோடு கொன்றுவிட்டார்கள். ஊரை விட்டுத் துரத்தப்பட்டபோது இந்தம்மாவுக்குப் பத்து வயதுகூட இல்லையாம். “எங்களுக்காகப் பேச உலகத்தில் யாரும் இல்லையா” என்று கேட்கிறாள் என்று என் வீட்டுக்காரர் தமிழில் சொல்லியிருந்தார். மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டாய். கூடையில் ஈ மொய்த்தது, விரட்டவில்லை.

“எங்க தீவ ராக்கெட் விடணும்னு எடுத்துக்கினாங்களே, அப்ப எங்க நைனா இப்பிடித்தான் அழுதாரு” என்றாய். “எங்களுக்காவது ஏரி மிஞ்சிச்சிக்கா. இதுங்களுக்கு இன்னா மிஞ்சிச்சி?”

அன்றோடு அது முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். நீ விடவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவன் எல்லாம் டில்லிக்குப் போய்ப் பேசுகிறேன் என்றுதானே சொல்கிறான், அப்படியானால் இதையும் பேசட்டும் என்றாய். படகில் போகும்போது, வலை காய்கிற இடத்தில், ஐஸ் உடைக்கிற இடத்தில், எங்கே பெண்கள் இருந்தாலும் சொன்னாய். என்னையும் டேப் ரிக்கார்டரோடு இழுத்துக்கொண்டு போனாய். மேலே முக்காடு, மடியில் பெட்டி, படகு ஆடும்போதெல்லாம் பெட்டி தண்ணீரில் விழாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அந்த அரபிப் பேச்சு ஒரு எழுத்துகூட யாருக்கும் புரியாது. ஆனாலும் எந்தக் குப்பத்திலும் ஒருத்தியும் பாதியில் எழுந்து போகவில்லை.

ஒரு குப்பத்தில் பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். “நமக்கே குடிக்கத் தண்ணி இல்ல. எவளோ எங்கியோ அழுதா உனக்கு இன்னாடி?”

“தண்ணியும் கேளு தாத்தா, கூடவே இத்தையும் கேளு. ரெண்டு கேள்வி கேட்டா நாக்கு தேஞ்சிடுமா?”

அவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை; நீ வாயால் கேட்கிறாய், எழுதத் தெரிந்த நான் சும்மா இருக்கிறேனே என்று பட்டது. வீட்டுக்கு வந்து என் வீட்டுச் சுவரிலேயே, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து, ‘வீடிழந்த பாலஸ்தீன மக்களுக்காகப் பேசுவீர்களா? பேசுபவருக்கே எங்கள் ஓட்டு’ என்று எழுதினேன். என் வீட்டுக்காரரின் அம்மா, மாமி, தலையில் அடித்துக்கொண்டார். “என் புள்ள அங்க பொழைக்கப் போயிருக்கு. இங்க நீ சுவத்துல எழுதி அவன் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?” மாமி சொன்னது பொய்யில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

பிறகு அந்த வேட்பாளர் வந்தார். மார்க்கெட் முனையில் ஜீப்பின் எதிரே கூடையை இறக்கி வைத்து நீ நின்றாய்.

“ஐயா, பாலஸ்தீனத்து ஜனங்களுக்காக டில்லியில பேசுவீங்களா?”

அவர் கும்பிட்டபடியே குனிந்து பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். “அது எந்தப் பஞ்சாயத்துய்யா?” மைக் அணைக்கப்படவில்லை. மார்க்கெட் முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. “பஞ்சாயத்து இருந்தா நாங்க ஏன் ஐயா உங்கள கேக்கறோம்?” என்றாய்.

அந்தச் சிரிப்புத்தான் வினையாக வந்தது. வேட்பாளரை அவமானப்படுத்திவிட்டோம் என்று அவருடைய ஆட்கள் போய்ச் சொல்ல, மறுநாள் போலீஸ் என் வீட்டு வாசலில். வெளிநாட்டுக் கேசட் வைத்துக் கூட்டம் போடுவதாகப் புகாராம். பிரதமரையே கொன்ற நேரம், யாரைப் பார்த்தாலும் சந்தேகம். டேப் ரிக்கார்டரையும் என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மாமியும் கூடவே வந்தார், வழியெல்லாம் ஓதிக்கொண்டே.

இன்ஸ்பெக்டர் கேசட்டைப் போட்டார். அந்தம்மா அழுதாள். “இது என்ன பாஷை? என்ன சங்கேதம் இது?” என்றார். “அழுகைங்க ஐயா” என்றேன். வீட்டுக்காரர் பெயர், பாஸ்போர்ட் விவரம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டால்? ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டிலேயே பிடித்துக்கொண்டால்?

அப்போதுதான் வெளியிலிருந்து மீன் நாற்றம் வந்தது. எட்டிப் பார்த்தால் வாசல் முழுக்க மீன்கூடை. நடுவில் நீ. எத்தனை குப்பத்துப் பெண்களைக் கூட்டி வந்தாயோ, எண்ணிப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. கான்ஸ்டபிள் விரட்டினார்.

“நாங்க தகராறு பண்ண வரல சார். அந்தக் கேசட்ட நாங்களும் கேட்டோம். எங்களையும் விசாரிங்க” என்றாய். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது.

உள்ளே கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தம்மா முடித்து, என் வீட்டுக்காரர் தமிழில் சொல்லி முடித்து, அதற்கப்புறம் அவர் பேச்சு என் பக்கம் திரும்பியது. “மெகரு, பல்வலி எப்படி இருக்கு? சூடா ஒண்ணும் குடிக்காத. உன்ன நெனச்சா தூக்கமே வரல புள்ள.” ஸ்டேஷனே தலையைக் குனிந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் சட்டென்று நிறுத்தி, கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார். “போம்மா. அந்தக் கூடைகளை முதல்ல எடுக்கச் சொல்லு” என்றார்.

என் வீட்டுக்காரர் விடுமுறையில் ஊருக்கு வந்து சேரும்வரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஏர்போர்ட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் சொன்ன அன்று உன் வீட்டுக்கு ஓடி வந்து அழுதேனே, ஞாபகம் இருக்கிறதா?

அந்த வேட்பாளர்தான் ஜெயித்தார். நன்றி சொல்ல வந்தபோது உன்னைத் தேடிக் கூப்பிட்டு, “அந்த ஊரை மேப்புல பாத்தேம்மா” என்றார். “பாத்தா போதாது” என்றாய். அவர் டில்லியில் பேசினாரா? நான் பேப்பரில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. பேசியும் போடாமல் விட்டார்களோ?

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் நீயே கேட்டிருப்பாய். பாலஸ்தீனத்தில் இப்போது சின்னப் பிள்ளைகள் கல்லை எடுத்துக்கொண்டு ராணுவத்தின் எதிரே நிற்கிறார்கள், பேப்பரில் படம் வருகிறது. அந்த ஜனங்களுக்கென்று ஒரு நாடு என்று அவர்களுடைய தலைவர்கள் அறிவித்தார்கள். நம் நாடும் அதை ஏற்றுக்கொண்டது. அன்று உன் வீட்டுப் பக்கம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். யாரிடம் சொல்வது?

குவைத்தில் அந்த மேல் மாடிக்காரம்மா, உன்னைப் பற்றி என் வீட்டுக்காரர் சொல்லக் கேட்டவள், “அந்த மீன்காரப் பெண் நலமா” என்று இன்னும் கேட்கிறாளாம். தொழுகையில் உன் பெயரைச் சொல்லித் துஆ செய்கிறாளாம். நீ இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நானும் எழுதிவிட்டேன். சரிதானா அது?

இந்தத் தேர்தல் போன தடவை மாதிரி இல்லை, எல்லம்மா. வடக்கே ஊர்வலம், கலவரம் என்று தினமும் செய்தி. பள்ளிவாசல் ஜமாஅத்தில் இருந்து இரண்டு பேர் வந்து, “இந்தத் தடவை சுவத்துல ஒண்ணும் எழுதாதீங்கம்மா, காலம் சரியில்ல” என்று பணிவாகத்தான் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் வாயில் அது ஒரு மீன்காரியின் கேள்வி, ஊரே சிரித்தது. என் வாயில் அதே கேள்வி வந்தால் யாராவது சிரிப்பார்களா? உன்னை யாரும் எந்த ஊர்க்காரி என்று கேட்கவில்லை. முக்காடு போட்ட என்னைக் கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயம்.

மத்தியானம் உன் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். “இந்த வாட்டி யாருக்கா கேக்கறது? நாங்க கேக்கட்டுமா?” என்றார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இல்ல, நான் கேக்கறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க” என்று வந்துவிட்டது. மாமி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, “நானும் வரேன், என்னயும் இட்டுக்கினு போ” என்றார்.

நாளைக்கு நான் ஜீப்புக்கு எதிரே நிற்பேன், எல்லம்மா. என் குரல் நடுங்கும். கேள்வியைப் பாதியில் விடமாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் வாயால் அக்கா என்று கூப்பிடப்பட்டதால் மட்டுமே
உனக்கு அக்காவான
மெகருன்னிசா
பழவேற்காடு