பம்பைக்காகக் காத்திருந்த நாதசுரம்

இன்று காலை போடி கடைத்தெருவில் ஏலக்காய் மூட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதுமே என் காதில் அந்த நாதசுரம் கேட்கத் தொடங்கிவிட்டது, மாப்ளே. பிறரிடம் சொன்னால் சிரிப்பார்கள். உனக்கு விளக்க வேண்டியதில்லை.

அது 1978 தை மாதம், இரண்டாம் வெள்ளி. எழுபத்தொன்பது என்று கடைசிவரை நீ சாதித்தாய், தவறு. எஸ்டேட் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ராசிங்காபுரத்து நையாண்டி மேள செட்டை உன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையேறினாய். அவர்கள் எங்கே வாசித்தாலும் போய் நிற்கிற நம் வழக்கப்படி நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிற்று. ஈரம் ஏறிய பம்பைத் தோல் தளர்ந்து, நனைந்த சாக்கைத் தட்டுவதுபோல் ஒலித்தது. தவிலும் ஓய்ந்தது. யாரையும் கேளாமல் நீ பம்பையைத் தூக்கிக்கொண்டு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஓடினாய்.

"இது காய் போடுற எடமா, மேளக் கொட்டகையா?" என்று ஸ்டோர்க்காரர் கத்தியது கோயில்வரை கேட்டது.

"பச்சப்பிள்ளைக்குக் குளிருதுண்ணே, செத்த எடம் விடுங்க!" என்று பம்பைக்காக நீ கெஞ்சியதும் கேட்டது.

நீ திரும்பும்வரை நாதசுரம் தனித்து நின்றது. எடுத்த பாட்டை நாதசுரக்காரர் விட்டுவிட்டார். ஒரே இழையை நீட்டி, வளைத்து, பம்பை விழவேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். அவர் நிறுத்தும்போதெல்லாம் கூட்டமே மூச்சை அடக்கியது. நீ திரும்பி வந்தாய். அடுத்த இடைவெளியில் இடிபோல் விழுந்தது பம்பை. சூடேறிய தோல் அடிக்கு அடி ஏலக்காய் மணத்தது.

நீயோ 1981 பங்குனியில் சிலமலையில் வாசித்ததே பெரிது என்பாய். அன்று தெருமுனையில் ஊர்வலம் நின்றுவிட, பம்பையும் தவிலும் ஒன்றையொன்று சீண்டி, எங்கெங்கோ போய்த் திரும்பின. "தோள் கனக்குதுய்யா, வெரசா நடங்க" என்று சப்பரம் தூக்கியவர்கள் அலறினார்கள். "எறக்கி வச்சுட்டுக் கேளுங்கப்பு, சாமியும் கேக்கட்டும்" என்றாய். நான் தேதியைத் திருத்தினால் மட்டும் உனக்குக் கோபம் வரும். "தேதியக் கட்டிக்கிட்டு அழு மாமா. அந்த உருட்டு காதுல விழுந்துச்சா இல்லையா?"

விழுந்தது, மாப்ளே.

1986 ஐப்பசியில், தேவாரத்திலிருந்து லோடு ஏற்றி வரும் வழியில் உன் நெஞ்சு நின்றது. யாரும் அழைக்காமலே செட்டு உன் வாசலுக்கு வந்தது. தூறல் விடவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனையைத் தாண்டுமுன் பம்பைத் தோல் தளர்ந்துவிட்டது. பம்பைக்காரர் என்னைப் பார்த்தார். "கொண்டுபோயி காயவைக்கிறவன் படுத்துக்கிட்டானே" என்றபடி இடுப்பிலிருந்து அவிழ்த்தார். தவிலும் அடங்கிற்று. நாதசுரம் மட்டும் உன்னோடு நடந்தது. பம்பை விழவேண்டிய இடங்களை நாதசுரக்காரர் அன்றும் வெறுமையாகவே விட்டுச் சென்றார். ஒவ்வோர் இடத்திலும் நான் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது எழுபத்தொன்பது என்று மறுக்க யாருமில்லை. என் தேதிகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அவற்றால் ஒரு பயனும் இல்லை. இன்று அந்த மூட்டையை அவர்கள் திரும்பக் கட்டும்வரை கடை வாசலில் நின்றிருந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். என் காதில் நாதசுரம் நிறுத்தியிருந்தது, மாப்ளே. நீ வரவேண்டிய இடம் அது.