பேச்சியின் கால் அளவு

மட்டாஞ்சேரி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு மாடத்தி எழுதுறது. நான் இங்க நல்லா இருக்கேன். உங்க இடுப்பு வலி குறைஞ்சுதா? மகள் பேச்சி நேரத்துக்குச் சாப்பிடுறாளா? போன்ல சொன்னா அவ பக்கத்துல நின்னு கேட்டுருவா, அதான் எழுதுறேன்.

நேத்து மத்தியானம் நாங்க சுக்கு மூட்டை கட்டுற கிட்டங்கியில வேலையை நிறுத்திட்டாங்க. பயப்படாதீங்க, பெண்கள் ஆசியக் கோப்பை கால்பந்து பார்க்கத்தான். கூட வேலை பார்க்குற நபீசா சேச்சி போனை மூட்டை மேல சாத்தி வச்சாங்க. ஒரு பிள்ளை கோல் போட்டதும் கை தட்டினேன். அதையே திரும்பக் காட்டுறாங்கன்னு தெரியாம இன்னும் ரெண்டு தடவை தட்டி, "மூணு கோலா?"ன்னு கேட்டேன். சேச்சிமாருக்குச் சிரிப்பு தாங்கலை.

ஆனா கடைசித் தடவை ரொம்ப மெதுவாக் காட்டினாங்க மச்சான். வெயில்ல சுக்குத் தூசி மிதக்குது, போனுக்குள்ள அந்தப் பிள்ளையும் முடி பறக்கச் சிரிச்சுக்கிட்டே மிதந்து வருது. நம்ம பேச்சி என்னைப் பார்த்து ஓடி வர்ற மாதிரியே இருந்துச்சு. வயசுப் பிள்ளைக்குப் பந்து எதுக்குன்னு தடுத்தது நான்தானே.

விளையாடட்டும். பூட்ஸ் நான் வாங்குறேன். செருப்புக்குன்னு சொல்லி அவ பாதத்தைத் தாள்ல வரைஞ்சு, தங்கதுரை அண்ணன் லாரியில கொடுத்து விடுங்க. முன்னாடி அனுப்பின தாள் என் தலையணைக்கு அடியிலதான் இருக்கு. அதை வச்சே வாங்கலாம்னு எடுத்தேன். ரெண்டு வருஷத்துக்கு எத்தனை விரல் கூட்டணும்னு எனக்குத் தெரியலை மச்சான்.

சாயா நேரம் முடிஞ்சு மணி அடிச்சாச்சு.

மாடத்தி