ரோட்டில் காய்ந்த நெல்

பெருநகர்,
14.10.2024

என் கண்ணு பூஜாவுக்கு,

ஆயா எழுதுவது. இங்கே நானும் மாடும் கோழியும் இருக்கிறோம். தாம்பரத்தில் நீயும் உங்கம்மா மஞ்சுளாவும் நல்லபடியாக இருக்க ஈசுவரன் துணை.

போன் போட்டால் உங்கம்மாதான் எடுக்கிறாள். "பூஜா இப்போதைக்கு உங்ககிட்ட பேசக்கூடாதாம் அத்தை, வேணும்னா லெட்டர் போடுங்க" என்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால் லைஃப் கோச்சாம். கோச்சு என்றால் நம்ம ஊர் கபடி டீமுக்கு விசில் ஊதுகிற ஆள் என்று நினைத்திருந்தேன். உயிரோடு இருப்பதற்கும் ஒரு கோச்சா? நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணியிருந்தால் சிரிக்காதே.

நீ ஓட்டி வந்த ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் பிள்ளை அசோக் போய்ச் சேர்ந்தது மாசியில். பெற்ற ஒரே பிள்ளையைக் கொடுத்தவள் நான். நான் எந்தக் கோச்சிடம் போனேன்? இப்போது பேத்தியின் குரலையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பங்காளி வேதாசலம் உன் காதுகுத்துக்கு வராததை நான் மறக்கவில்லை. செங்கேணி நம் கேணி மேட்டில் மாட்டைக் கட்டியதையும் மறக்கவில்லை. அந்தக் கோச்சம்மாவையும் அதே வரிசையில் சேர்த்திருக்கிறேன் என்று சொல்லிவிடு.

ஏரியில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று விட்டாயிற்று. மாசியில் உங்க நைனாவுக்கு வருஷப் படையல். நீ வந்தே ஆகவேண்டும்.

உன் ஆயா,
சொக்கம்மாள்


தாம்பரம்,
3.11.2024

அன்புள்ள ஆயா,

உன் எழுத்து கோணவில்லை. தீபாவளிக்கு நீ அனுப்பிய அதிரசம் வந்தது. அம்மா ரெண்டுதான் தின்றாள், மீதியெல்லாம் நான்.

வளர்மதி மேடம் விசில் ஊதுவதில்லை. ஆபீசில்தான் அவங்களை ஏற்பாடு செய்தார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, ஆனால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. பைக் பிரேக் சத்தம் கேட்டால் கை மரத்துப்போகும். மேடம் முதலில் நின்றிருக்கிற ஸ்கூட்டர் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்கச் சொன்னாங்க. அப்புறம் உட்காரச் சொன்னாங்க. போன வாரம் சாவி போட்டேன். ஸ்டார்ட் பண்ணவில்லை.

கை மரத்துப்போகும்போது காதில் என்ன கேட்குது என்று கேட்டாங்க. யோசித்துப் பார்த்தேன். வண்டிச் சத்தம் இல்லை ஆயா. நைனாவைக் கிடத்தியிருந்தபோது நீ மாரடித்துப் பாடிய ஒப்பாரி.

"பொண்ணு வண்டி ஓட்டுதுன்னு பூரிச்சு ஏறுனியே
பெத்த பொண்ணே எமனாகிப் பாதியில எறக்குனாளே."

ஊர்ப் பெண்களெல்லாம் கூடவே பாடினார்கள். நான் நைனாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். இப்போது நீ "கண்ணு" என்று கூப்பிட்டாலும் எனக்கு அந்தப் பாட்டுதான் கேட்கிறது. போன் வேண்டாம் என்றது அதனால்தான். கடிதம் என்றால் பிடிக்காதபோது மடித்து வைத்துவிடலாம்.

அன்புடன்,
பூஜா


பெருநகர்,
20.11.2024

கண்ணு பூஜாவுக்கு,

சாவு வீட்டில் வாயில் வந்ததுதான் பாட்டு. வயிறு எரிகிறவள் யாரையாவது ஏசித்தான் அழுவாள். அதைப் போய்த் தூக்கிக்கொண்டு திரிவார்களா?

என் மாமியார் செத்தபோது நாத்தனார் பரிமளா என்னைப் பார்த்து என்ன பாடினாள் தெரியுமா? "கஞ்சியில உப்பு இல்ல, கடைசியில தண்ணி இல்ல, வந்த மருமகளே வாய்க்கரிசி ஆனாளே." அப்போது உங்க நைனா இடுப்புப் பிள்ளை. மறுநாள் அவளேதான் எனக்குச் சோறு போட்டாள். அதோடு முடிந்தது. அந்த வரி எனக்கு இன்னும் மனப்பாடம். இன்று வரைக்கும் அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஆனாலும் நான் கோச்சிடம் போகவில்லை, பார்.

மழை நிற்காமல் அடிக்கிறது. மாடு இருமுகிறது. படையலுக்கு வந்துவிடு. எல்லாம் நேரில் பேசினால் சரியாகிவிடும்.

ஆயா,
சொக்கம்மாள்


தாம்பரம்,
12.1.2025

அன்புள்ள ஆயா,

ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணித் தெருமுனை வரைக்கும் போய்வந்தேன். அம்மா வாசலில் நின்று அழுதாள்.

அதற்கு அடுத்த நாள் மேடத்திடம் விபத்தை முதலிலிருந்து சொன்னேன். எல்லாரிடமும் சொன்ன மாதிரியே சொன்னேன். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று. "எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?" என்று கேட்டாங்க. என்னால் சொல்ல முடியவில்லை. நாயே இல்லையே, ஆயா.

உனக்கு நினைவிருக்கும். களத்துக்குத் தூக்க ஆள் இல்லை என்று அன்றைக்கு ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் கொட்டிக் காயப்போட்டிருந்தாய். வண்டிகள் ஏறாமல் இருக்க நெல்லைச் சுற்றிக் கருங்கல் வைத்திருந்தாய். பொழுது சாய்ந்துவிட்டது. வளைவில் திரும்பினேன், சக்கரம் நெல்லில் வழுக்கியது. நைனாவின் தலை உன் கல்லில்தான் பட்டது. போலீஸ் வந்தபோது நெல்லும் இல்லை, கல்லும் இல்லை. உன்மேல் கேஸ் வந்துவிடுமோ என்று நான் நாய் என்றேன். அதற்கு அப்புறம்தான் நீ பாடினாய்.

வளைவில் நான் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். அது என் பங்கு. அதை நான் வைத்துக்கொள்கிறேன். உன் பங்கையும் சேர்த்து என்னால் தூக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல். பாடும்போது உன் நெல்லும் கல்லும்தான் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

பூஜா


தாம்பரம்,
14.2.2025

ஆயா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. படையலுக்கு அம்மா மட்டும் வருவாள்.

பூஜா


பெருநகர்,
2.3.2025

பூஜாவுக்கு,

தெரியும்.

பாடும்போதே தெரியும். அடித்துக்கொண்ட கையில் நெல்லின் சுணை அரித்துக்கொண்டிருந்தது. உன் பெயரைச் சத்தமாகச் சொன்னால் என் பெயர் யார் வாயிலும் வராது என்று நினைத்தேன். நாய் என்று நீ சொன்னதும் எனக்காகத்தான் என்று தெரியும். அதற்குப் பிறகும்தான் பாடினேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். அப்படியே மாசி வந்துவிட்டது.

படையலுக்கு உங்க நைனாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இலை போட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பரிமளாதான் பாட்டு எடுத்தாள். "பொண்ணு வண்டி ஓட்டுதுன்னு" என்று வந்ததும் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். இந்த ஒரு வருஷத்தில் அது ஊர்ப் பாட்டாகிவிட்டது. வேறு சாவுக்குக்கூடப் பாடுகிறார்களாம். நான் போய்ப் பரிமளாவின் வாயைப் பொத்தினேன்.

"இன்னா அண்ணி, இன்னாத்துக்கு வாயப் பொத்துற?" என்றாள்.

"அந்தப் பாட்டு வேணாம்டி. எமன் அவ இல்ல. ரோட்டுல நெல்லக் கொட்டுனவ நான். கல்லு வெச்சவ நான். கொழந்த என்னைக் காப்பாத்திக்கினு கீது, நான் அவளத் தூக்கிக் குடுத்துக்கினு கீறேன்" என்றேன்.

செங்கேணி, கேணி மேட்டில் மாடு கட்டிய அதே செங்கேணி, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும் சொக்கம்மா. போலீசு வர்றதுக்குள்ள அந்த நெல்ல அள்ளுனதே நாங்கதான். நீ எப்ப வாயத் தொறப்பேன்னுதான் பாத்துக்கினு இருந்தோம்."

யார் அள்ளியது என்று நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது பூஜா. தெரிந்தேதான் எல்லாரும் கூடப் பாடியிருக்கிறார்கள். தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் உங்கம்மா ஒருத்திதான். அவள் இலையை விட்டு எழுந்தாள், பையை எடுத்தாள், சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாய் ஏது?

இந்த வருஷ அறுப்பு முடிந்தது. நெல்லைக் களத்தில்தான் காயவைத்தேன். வேதாசலத்திடம் போய் இடம் கேட்டேன், கொடுத்தான். காதுகுத்தை மறக்கவில்லை, ஆனாலும் கேட்டேன். உன் கோச்சம்மாவை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நான் நிற்கிறேன்.

நீ போன் பண்ண வேண்டாம். என் குரலில் அந்தப் பாட்டு இருக்கிற வரைக்கும் பண்ணாதே. இந்தக் கடிதமும் பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடு.

என்றைக்காவது வருவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள். விடிந்ததும் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நம் வீட்டு வளைவு வரைக்கும் நடந்து பார்க்கிறேன். யாராவது நெல் கொட்டியிருந்தால் சண்டை போட்டு அள்ள வைக்கிறேன். கல் இருந்தால் நானே தூக்கி ஓரத்தில் போடுகிறேன். இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ரோடு காலியாக இருக்கிறது.

சொக்கம்மாள்