காதறுந்தானுக்குப் பத்து நிமிடம்

மார்ச் 4
இன்றோடு முப்பது நாள். நாய்க் காப்பகத்தில் ஆறு நாய்கள், ஒவ்வொன்றோடும் தினமும் பத்து நிமிடம். பேசுவேன், தடவிக் கொடுப்பேன், எழுந்து போய்விடுவேன். வீடில்லாத நாய் ஒரு புது ஆளிடம் எத்தனை நாளில் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அவற்றில் ஒன்று, முதல் நாள் என்னை ஏறெடுத்தும் பார்க்காத காதறுந்தான், இன்றைய தேர்வில் அசத்திவிட்டான். நான் வெளியே போன மூன்று நிமிடமும் கதவடியை விட்டு நகரவில்லை. அறிமுகமில்லாத மாணவி பிஸ்கட் நீட்டியும் திரும்பவில்லை. பேராசிரியர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு போதும்மா, கட்டுரை நின்னுடும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 5
வேலை முடிந்தது. இனி காப்பகத்துக்குப் போக வேண்டாம். காலை நீட்டித் தூங்கினேன்.

ஏப்ரல் 11
காப்பகத்து அக்கா போன் செய்தார். நாய்களைப் பார்த்துக்கொள்பவர். எனக்கு ஊசி போடத் தெரியாது என்று தெரிந்தும் "டாக்டரம்மா" என்பார். மற்ற ஐந்துக்கும் வீடு கிடைத்துவிட்டதாம். "இது மட்டும் வர்றவங்களுக்கு முகமே குடுக்க மாட்டேங்குது. நீங்க வர்ற நேரமானா கதவப் பாத்து உக்காந்துக்குது. மூணு குடும்பம் வேற நாயக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."
வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். ஒரு வேலையும் இல்லை.

ஏப்ரல் 12
ஆராய்ச்சிக்காக நிரப்பிக் கொடுத்த அனுமதிப் படிவத்தைத் தேடி எடுத்தேன். பதினேழாவது கேள்வி: ஆய்வு முடிந்தபின் விலங்குக்கு என்ன ஏற்பாடு? கீழே என் கையெழுத்தில் — பொருந்தாது. மருந்து கொடுக்கவில்லை, கத்தி வைக்கவில்லை, பத்து நிமிடம் அன்பாக இருந்தேன், அதில் என்ன கெடுதல் என்று நினைத்திருப்பேன். படித்த முட்டாள் என்பது இதுதான்.

ஏப்ரல் 14
வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்று இவரிடம் கேட்டேன். மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "கூட்டிட்டு வா. நான் இன்ஹேலரோட மாடியில படுத்துக்கறேன்" என்கிறார். போன வருடம் பூனை வளர்க்கும் நண்பர் வீட்டுக்குப் போய்வந்து, முடி ஒத்துக்கொள்ளாமல் மூச்சிரைத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷன். எப்படிக் கூட்டி வருவேன்?

ஏப்ரல் 19
மனசு கேட்காமல் போனேன். அவன் அழுத அழுகை — அதை ஆய்வுத் தாளின் எந்தக் கட்டத்தில் குறிப்பது? மடியில் போட்டுத் தடவினேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "புள்ளையையும் கிள்ளி விட்டுட்டுத் தொட்டிலையும் ஆட்டாதீங்க டாக்டரம்மா." சரிதான். இடமில்லை என்று இந்த மாதக் கடைசியில் அவனை ஊருக்கு வெளியே பெரிய கொட்டடிக்கு அனுப்பப் போகிறார்கள். நூறு நாய்க்கு இரண்டு ஆள். வளர்க்கக் கேட்டு அங்கே யாரும் போவதில்லை.
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு இவன்தான் வேண்டுமாம். இரண்டு முறை வந்துவிட்டார். இவன்தான் அவர் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 20
பிரித்துவிடவும் எனக்குத் தெரியும். நான் வராவிட்டால் காத்துக்கொண்டே இருப்பான். வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, பார்க்காமல், தொடாமல், பேசாமல் இருந்தால்தான் என்னை விடுவான். கிடைப்பதெல்லாம் டிரைவர் கையிலிருந்து கிடைக்க வேண்டும். அக்காவிடம் சொன்னேன். டிரைவர் தினமும் வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 22
முழங்காலில் தலையை வைத்தான். சுவரைப் பார்த்தேன்.

ஏப்ரல் 24
"ஏம்மா, ஒரு தடவ தடவிக் குடுத்தா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க?" என்றார் டிரைவர்.
"கூடாதுங்க ஐயா."
கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

ஏப்ரல் 25
மாநாட்டில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். பேராசிரியர் வாழ்த்தினார். "நன்றி சார்" என்றேன்.

ஏப்ரல் 28
காதறுந்தான் என் கையை மோந்து பார்த்தான். வழக்கமாக அங்கேயே நிற்பான். இன்று டிரைவரின் செருப்புச் சத்தம் கேட்டதும் என்னைத் தாண்டிக் கதவுக்கு ஓடினான். அவர் கழுத்துப் பட்டையை மாட்டி, கையெழுத்துப் போட்டு, கூட்டிப் போனார். காரில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கூடாது என்றுதானே ஒரு வாரமாகப் பாடுபட்டேன்?
"ஜெயிச்சுட்டீங்க டாக்டரம்மா" என்றார் அக்கா.
"ஆமாங்க்கா" என்றேன். கார் தெரு முனை திரும்பும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன்.