காத்தோங் வீடு என் பேரில்

தோஹா
12 பிப்ரவரி 2022

செல்லத் தங்கை பிரியாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் பேசினால் எதற்கும் "சரிண்ணா, சரிண்ணா" என்றுதான் சொல்வாய், நிதானமாகப் படி. சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீட்டில் சுதா அண்ணியும் பிள்ளைகளும் உன்னைப் படுத்தாமல் இருக்கிறார்களா?

காத்தோங் கொண்டோ விஷயம்தான், அந்தத் தனியார் அடுக்குமாடி வீடு. வாங்கி வாடகைக்கு விட்டால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும். ஆனால் ஏற்கெனவே வீடு உள்ள நான் இன்னொன்று வாங்கினால், கூடுதல் வரியே என் சேமிப்பை விழுங்கிவிடும். உன் பேரில் வாங்கினால் அந்த வரி இல்லை. முன்பணம் நான் தருகிறேன். வங்கிக் கடனை வாடகையே அடைத்துவிடும். உன் பேர் மட்டும் போதும். அப்பா போன பிறகு உன்னைப் படிக்கவைத்த அண்ணன், இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லையே.

குடிவருகிறவர்கள் ஏர்கானை ஒழுங்காகக் கழுவுகிறார்களா என்று போய்ப் பார். ஆணி அடிக்க, ஓட்டை போட மட்டும் விடாதே. ஓட்டை விழுந்தால் விலை விழும்.

உன் அண்ணன்
சிதம்பரம்


ஆங் மோ கியோ
21 ஆகஸ்ட் 2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். சாவி வாங்கிய அன்றே செண்பக விநாயகர் கோயிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். வீடு யார் பேரில் என்று குருக்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆரிஃப், ரபியா என்று ஒரு ஜோடி குடிவந்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம். இருவருக்கும் தஞ்சோங் பகாரில் வேலை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். ஆரிஃப் கதவைத் தள்ளப் போனார். ரபியா கையைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, பிஸ்மில்லா சொல்லி வலது காலை வைங்க" என்றாள். எனக்கு ஏனோ பொறாமையாக இருந்தது.

வட்டி ஏறிவிட்டது. தவணைக்கு வாடகை போதவில்லை. குறைந்ததை என் சம்பளத்தில் கட்டிவிட்டேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

என் அலுவலகத்தில் ஜெய் என்று ஒருவர் இருக்கிறார். மற்றதை நேரில் சொல்கிறேன். அண்ணியிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை
மோகனப்பிரியா


ஆங் மோ கியோ
5 மார்ச் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று தேக்கா சந்தையில் பிரட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெய் கேட்டுவிட்டார்: "பிரியா, பிடிஓ போடலாமா?" அரசாங்கம் கட்டும் புது வீவக வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போடலாமா என்று. நம் ஊரில் ஒரு பையன் இதைவிடத் தெளிவாகக் கல்யாணம் கேட்பானா?

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். காத்தோங் வீடு ஞாபகம் வந்தது. தனியார் வீடு பேரில் இருக்கிறவளுக்குப் புது வீவக வீடு கிடையாது. விற்றாலும் அதன்பிறகு இரண்டரை வருடம் காத்திருக்க வேண்டுமாம். சொன்னேன். ஜெய் பிய்த்த பிரட்டாவைத் தட்டிலேயே போட்டார்.

"உன் பேர்ல கொண்டோவா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என் வீடு இல்ல, அண்ணன் வீடு."

"பேப்பர்ல யாரு பேரு லா?"

அண்ணா, விற்றுவிடலாமா? நஷ்டம் எவ்வளவு ஆனாலும் நான் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறேன். எனக்கு அவர் வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கை
மோகனப்பிரியா


தோஹா
19 மார்ச் 2023

பிரியாவுக்கு,

படித்தேன். வாங்கி மூன்று வருடத்துக்குள் விற்றால் அதற்கு ஒரு தனி வரி கட்ட வேண்டும். பிள்ளைகளின் படிப்பே அந்த வீட்டில்தான் கிடக்கிறது. உனக்குத் தெரியாததா? இன்னும் இரண்டு வருடம்தானே. பொறுத்துக்கொள். உண்மையானவன் காத்திருப்பான்.

ஏர்கான் கழுவியாயிற்றா?

சிதம்பரம்


தோஹா
8 ஜூன் 2025

செல்லத் தங்கை பிரியாவுக்கு,

நல்ல சேதி. வாங்க ஒப்பந்தம் போட்டு மூன்று வருடம் தாண்டிவிட்டது, இனி அந்த வரி இல்லை. ஏஜண்ட் சொன்ன விலையைக் கேட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. காலி வீட்டுக்கு இன்னும் கூடக் கிடைக்குமாம். ஆகஸ்டில் வாடகை ஒப்பந்தம் முடிகிறதல்லவா, ஆரிஃபைக் கிளம்பச் சொல்லிவிடு.

நீ விற்பனைக்குக் கையெழுத்துப் போட்டால் நானும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இங்கே வேலையும் முடியப்போகிறது. சின்னவன் போனில் என்னை "அங்கிள்" என்கிறான், பிரியா.

அப்புறம் நீயும் உன் ஜெய்யும் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் விண்ணப்பம் போடுங்கள். கல்யாணச் செலவு முழுக்க அண்ணனுடையது.

உன் அண்ணன்
சிதம்பரம்


ஆங் மோ கியோ
22 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

ஜெய்க்குப் போன தை மாதமே கல்யாணம் ஆகிவிட்டது. பெண்ணின் பேர் சுஷ்மிதா. அவர்களுக்குப் பொங்கோலில் வீடு கிடைத்திருக்கிறதாம்.

அவரும் காத்துத்தான் பார்த்தார். கடைசியாகச் சந்தித்தபோது, "உங்கண்ணன் மேல எனக்குக் கோபம் இல்ல பிரியா. நீ ஒரு தடவையாவது அவரோட சண்டை போட்டிருக்கலாம்" என்றார். உங்களிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஏர்கானைப் பற்றித்தான் கேட்டீர்கள்.

கோபம் இல்லை என்று பொய் எழுதமாட்டேன்.

போன சனிக்கிழமை காத்தோங் போனேன். ரபியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சேலைத் தொட்டில் கட்ட மேலே ஒரு கொக்கி மாட்டிக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மாட்டுங்கள் என்றேன். ஆரிஃப் அப்போதே ஓட்டை போட்டார். சிமெண்ட் தூள் கூடமெல்லாம் கொட்டியது. நான் கிளம்பினேன். ரபியா விடவில்லை. "உங்க வீடுதானேக்கா, ஒரு நாளாவது உட்காருங்களேன்" என்றாள். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் உட்கார்ந்தேன். தொட்டிலை ஆட்டச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டு அவள் தேநீர் போடப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பி வந்து பார்த்தாள், தேநீரை என் பக்கத்தில் வைத்தாள்.

வீட்டை விற்றுவிட்டு நான் யாரோடு விண்ணப்பம் போடுவது? அவர்களின் வாடகை ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்து அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். விற்பனைக்குப் போடமாட்டேன். வாடகை தவறாமல் வரும்.

இன்னும் இரண்டு வருடம்தானே அண்ணா. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோகனப்பிரியா