செம்பு துருப்பிடிக்காது

3 ஜனவரி 1989, செவ்வாய்

மழை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. உப்பு உற்பத்தியாளர் சங்கத்து லேபுக்கு இன்னும் ஒரு மாதிரிகூட வரவில்லை. உப்பு விளையாத மாதங்களில் உப்பைச் சோதிக்கிறவளுக்கு என்ன வேலை? காலையில் சோதனைக்கான பியூரெட்டுக் குழாய்களைக் கழுவினேன். மதியம் அதே பியூரெட்டுகளை மறுபடியும் கழுவினேன்.

நாலு மணிக்கு அந்தோணியம்மாள் வந்தாள். காசிலிங்கம் உப்பளத்தில் பதினெட்டு வருஷமாகப் பாத்தி மிதிப்பவள். வழக்கம்போல வாசலிலேயே நின்றாள். "லேபம்மா, இது என்னான்னு பாத்துச் சொல்லுங்க" என்று முந்தானையில் முடிந்திருந்த ஒரு துண்டு கேபிளை எடுத்து நீட்டினாள்.

அந்த அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மழைக்கு முன்பே விட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே வேலை செய்த ஒன்பது பெண்கள் தாங்களே எடுத்து நடத்துகிறோம் என்று அளத்துச் சொந்தக்காரர் காசிலிங்கத்திடம் கேட்டிருக்கிறார்கள். "தண்ணி ஏத்த இன்ஜின் எங்க இருக்குது? ஜனவரி முடியறதுக்குள்ள கொண்டாந்து வைங்க, அளம் உங்களுக்கு. இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்கான்" என்றாராம் அவர். திண்டிவனத்தில் ஒரு பழைய டீசல் இன்ஜின் பார்த்திருக்கிறார்கள். ஆறாயிரம் ரூபாய். கையில் எதுவும் இல்லை. இருப்பது மண்ணுக்குள் கிடக்கும் இந்தக் கேபிள்தான். பல வருஷத்துக்கு முன் மோட்டாருக்காகப் புதைத்தது. காசிலிங்கம் தோண்டி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

"பழைய இரும்பு வாங்குற பஞ்சநாதன் மொத்தமா கிலோ ஒம்பது ரூபான்றான். குடுத்துடலாமா?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். அவள் போய்விட்டாள். துண்டை மறந்து வைத்துவிட்டுப் போனாளா, வேண்டுமென்றே வைத்தாளா?

4 ஜனவரி

துண்டைப் பிரித்தேன். வெளியே தார் பூசிய சணல். அடுத்து இரும்புப் பட்டை. அதற்குள் ஈயக் குழாய். ஈயத்துக்குள் எண்ணெயில் ஊறிய பழுப்புக் காகிதம், பாதி பிரித்த சுருட்டுபோல. கடைசியில் மூன்று செம்புக் கம்பிகள், புதுக் காசின் நிறத்தில். மண்ணுக்குள் இருபது வருஷத்துக்குமேல் கிடந்தும் ஒரு புள்ளி இல்லை.

நிறுத்துப் பார்த்தேன். எடையில் கால் பங்குக்கு மேல் செம்பு. ஈயம் அதைவிட அதிகம். நான் ஆசைப்பட்டுக் கணக்கைத் தவறாகப் போட்டிருப்பேனோ என்று மறுபடி நிறுத்தேன். அதேதான்.

ஒன்பது ரூபாயா? ஏமாற்றுகிறான்.

6 ஜனவரி, வெள்ளி

பாண்டிச்சேரிக்கு லேப் சாமான் வாங்கப் போன வழியில் கோட்டக்குப்பத்தில் இறங்கினேன். (லேபுக்குச் சாமான் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இங்கேயாவது உண்மையை எழுதலாம்.) ஹபீப் முஹம்மது என்பவரின் பழைய இரும்புக் கிடங்கு. புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ரிம் குவியல்களுக்கு நடுவே நின்றேன். தொப்பி போட்ட பெரியவர், அறுபது இருக்கும். என் துண்டைக் கத்தியால் சீவிப் பார்த்தார்.

"நல்ல சரக்கு மேடம். ஆனா எல்லாரும் பண்ற மாதிரி நெருப்புல போட்டு எரிச்சுக் கொண்டாராதீங்க. கறுத்த கம்பிக்கு நாப்பத்திநாலுதான். பளபளன்னு உரிச்சு வந்தா அம்பத்திமூணு. ஈயம் பதிமூணு. இரும்புப் பட்டை ரெண்டு."

"இந்த விலை எத்தனை நாளைக்கு நிற்கும்?"

"அல்லாவுக்குத்தான் தெரியும். அதுக்கடுத்து பம்பாய்காரனுக்கு."

இன்னொன்றும் சொன்னார். எங்கிருந்து எடுத்தது என்று ஒரு கடிதம் வேண்டும். கேபிள் என்றாலே போலீஸ் வந்து கேட்குமாம். "படிச்சவங்க யாராச்சும் கையெழுத்துப் போட்டா நல்லது. நீங்க போடுவீங்கதானே?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

7 ஜனவரி

பஞ்சநாதனுக்குக் கொடுக்க வேண்டாம், கோட்டக்குப்பத்தில் விற்கலாம் என்று அந்தோணியம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு, காசிலிங்கம் வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதி வாங்கினேன். சிரித்தார். "துருப்பிடிச்ச ஒயருக்கு லெட்டரா? காயலான் கடைக்குப் போற சாமானுக்கு ஸ்டாம்பும் ஒட்டணுமா?" அவர் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக என் பெயரையும் போட்டேன். எம்.எஸ்ஸி. என்று பட்டத்தையும் சேர்த்தேன். எதற்குச் சேர்த்தேன் என்று தெரியவில்லை.

11 ஜனவரி

தோண்டி முடித்துவிட்டார்கள். நானூற்றுப் பத்து அடி. ஒன்பது பேரும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்ததைப் பார்த்தேன். தேர் வடம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

12 ஜனவரி, வியாழன்

இன்று கத்தினேன். நான்!

சைக்கிளில் அளத்துக்குப் போனபோது பனை ஓலையைக் குவித்து, மேலே துண்டு போட்ட கேபிளை அடுக்கி, அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான மாரியம்மாள் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். "எரிக்காதே! கீழே போடு!" தூரத்தில் நின்ற நாரைகள் எழுந்து பறந்தன. ஈயப் புகை குடித்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். நாற்பத்துநாலுக்கும் ஐம்பத்துமூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். இரண்டாவதுதான் உடனே ஏறியது.

"ஏ அந்தோணி, லேபம்மாவுக்குத் தொண்டை இருக்குதுடி! இத்தினி வருஷமா ஊமைன்னுல்ல நெனச்சேன்" என்றாள் மாரியம்மாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு உரித்தார்கள். இரும்புப் பட்டை சுருள் சுருளாகக் கழன்றது. ஈயத்தைக் கத்தியால் கீறிப் பிளந்தால் வெண்டைக்காய்போலத் திறக்கிறது. ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள் என்று நாலு முறை சொன்னேன். நானும் உட்கார்ந்து காகிதம் சுற்றியெடுத்தேன். கையெல்லாம் எண்ணெய்.

கிளம்பும்போது அந்தோணியம்மாள் கேட்டாள்: "லேபம்மா, செம்பு துருப்பிடிக்குமா?"

"பிடிக்காது" என்றேன். சைக்கிளை எடுத்தேன்.

13 ஜனவரி

உரித்து முடிந்தது. சங்கத்துப் பெரிய தராசில் நிறுத்தோம். செம்பு எண்பத்திரண்டு கிலோ. ஈயம் நூற்றுப் பதினாறு. இரும்புப் பட்டை எழுபது. கணக்கைப் போட்டேன்: ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு.

ஆறாயிரத்துக்கு ஆறு ரூபாய் குறைவு! என் கைப்பையிலிருந்தே போட்டுவிடலாம். இத்தனை வயதுக்குமேல் ஒரு கூட்டல் கணக்குக்காக என் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே.

பொங்கலுக்கு அவர்களுக்கு இரண்டு நாள் விடுமுறை.

15 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகை பார்த்தேன். பம்பாய் உலோகச் சந்தை: செம்புக் கம்பி ஏறியிருக்கிறது. முந்தின நாள் பத்திரிகையையும் தேடி எடுத்தேன். அதிலும் ஏற்றம். பத்து நாளாக ஏற்றம். நூலகர் இல்லாத நேரம் பார்த்து அந்த மூலையைக் கிழித்துக்கொண்டேன். பிழைதான்.

16 ஜனவரி, திங்கள்

பச்சை. எல்லாம் பச்சை.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

எடை போட்டுத் திரும்பக் கொண்டுபோன கம்பி இன்னும் பளபளவென்று வரவேண்டும் என்று மணல் போட்டுத் தேய்த்து எண்ணெயெல்லாம் போக்கியிருக்கிறார்கள். அதன்பின் அளத்தில் எல்லாவற்றையும் கழுவுவதுபோல வாய்க்கால் தண்ணீரில் அலசி, பலகைகளை அடுக்குவதுபோல வரப்பில் அடுக்கி, ஓலையால் மூடிவிட்டுப் பொங்கலுக்குப் போய்விட்டார்கள். வாய்க்காலில் ஓடுவது உப்புத் தண்ணீர். இரும்பை யாரும் அங்கே போட்டுவைக்க மாட்டார்கள், ஒரே மழைக்காலத்தில் உப்பு தின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தானே கேட்டாள், செம்பு துருப்பிடிக்குமா என்று? என்னைத்தானே கேட்டாள்?

துரு என்பது இரும்புக்குத்தான். நான் சொன்னது பாடப் புத்தகப்படி சரி. பரீட்சையில் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். அவள் கேட்டது, இதை இங்கே வைக்கலாமா என்று. உப்புக்கும் செம்புக்கும் ஆகாது என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா?

யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தோணியம்மாள் ஒரு கம்பியை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நாப்பத்திநாலுதான் இப்ப, இல்ல?" என்றாள். அந்த விலைக்குப் போனால் ஐயாயிரத்து இருநூற்றுச் சொச்சம். இன்ஜின்காரன் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றிருக்கிறான்.

பஞ்சநாதன் சைக்கிளில் வந்து வேடிக்கை பார்த்தான். "ஒம்பதுக்கே குடுத்திருக்கலாம்ல?" என்றான்.

17 ஜனவரி, செவ்வாய்

காலையிலேயே அளத்துக்குப் போய், தப்பு என்னுடையது என்று ஒன்பது பேர் முன்னால் சொன்னேன். கந்தக அமிலம் வாங்கி, நீர்த்து, முக்கியெடுக்க வேண்டும், ஆபத்தான வேலை, பாண்டிச்சேரிக்குப் போகவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

"புளி போட்டா போவாதா?" என்றாள் மாரியம்மாள்.

போகும். என் வீட்டுக் குத்துவிளக்கையே அப்படித்தானே துலக்குகிறேன்!

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது. ஒன்பது வீட்டுப் பானையிலிருந்தும் புளி வந்தது, என் வீட்டிலிருந்தும். போன வருஷத்துக் கறுப்புப் புளி. "இந்த மாசம் முச்சூடும் மோருதான் எம் புருசனுக்கு" என்று ஒருத்தி சொல்ல, "மோருக்கு மட்டும் மாடு கட்டியிருக்கியாடி?" என்று இன்னொருத்தி. ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தார்கள். பச்சை கரைந்து சிவப்பு எழுந்துவரும்போதெல்லாம் சின்னப் பிள்ளைகள்போலக் கூவினார்கள். நானும் கூவினேனா? கூவியிருக்கலாம்.

ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படக்கூடாது, அலசுவதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று இந்த முறை முழுவதையும் சொன்னேன். இரண்டு, மூன்று முறை சொன்னேன். நல்ல தண்ணீர்க் கிணறு கோயிலுக்கு அந்தப் பக்கம், ஒரு மைல். குடிக்கவே அங்கிருந்துதான். நாற்பத்தாறு குடம் வந்தது. அதில் ஒரு குடம் நான் தூக்கியது. பாதி என் புடவையில்.

துடைத்துக் காயவைத்ததும் எங்கே வைப்பது? அளத்தில் வைக்க முடியாது. அவர்கள் குடிசைகளும் கடல் காற்றுக்கு எதிரே. லேபின் தராசு அறையில் கொண்டுவந்து வைத்தேன். ஈரம் புகாத ஒரே அறை அது. பத்து வருஷமாக என்னைத் தவிர யாரும் நுழையாத அறையில் ஒன்பது பேர் வரிசையாகக் கம்பிக்கட்டோடு நுழைந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு.

18 ஜனவரி

மூன்று முறை போய்ப் பார்த்தேன். சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

19 ஜனவரி, வியாழன்

வண்டி கிடைக்கவில்லை. எல்லா வண்டியும் தேர்தல் வேலைக்குப் போய்விட்டது. கடைசியில் மரியதாஸின் மீன் வண்டி. பின்னால் பெட்டி பெட்டியாக மீன், உப்புப் போட்ட ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டே வருகிறது! ஈயமும் இரும்பும் பின்னால் போகட்டும் என்று விட்டேன். செம்பு முழுவதையும் சாக்கில் கட்டி முன்னால் ஏற்றினோம், காலடியில், மடியில், முதுகுக்குப் பின்னால். நடுவில் அந்தோணியம்மாள், மாரியம்மாள், நான். மரியதாஸ் கியர் போட இடமில்லை. "அக்கா, அந்த மூட்டைய கொஞ்சம் நவுத்துங்க, ரெண்டாவதுக்கு மேல கியர் போவல" என்று வழி முழுக்கக் கெஞ்சினான். பொம்மையார்பாளையம் வரை இரண்டாவது கியரிலேயே வந்தோம்.

ஹபீப் முஹம்மது ஒரு கட்டைப் பிரித்தார். கம்பியை வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார்.

"என்ன மேடம், புளிக்கொழம்பு வாசனை அடிக்குது?"

"கொழம்பு இல்ல பாய், ரசம்" என்றாள் மாரியம்மாள்.

அவர் சிரித்த சிரிப்பில் கிடங்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை பிடித்ததை மறைக்க வேண்டாம் என்று நானே நடந்ததைச் சொன்னேன். உள்கட்டு ஒன்றை அவரே பிரித்துப் பார்த்துக்கொண்டார். "பளபளன்னுதான் இருக்குது. அம்பத்தஞ்சு போட்டுக்கலாம்."

கைப்பையைத் திறந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். பேரம் பேச எனக்கு வராது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "யா அல்லா, மேடம் பேப்பரோட வந்துட்டாங்க! சரி, அம்பத்தேழு."

நான் அப்படியே நின்றேன். பயத்தில்தான் நின்றேன். அவர் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார்.

"அம்பத்தெட்டு. அதுக்கு மேல கேட்டா நானும் உங்களோட உப்பு மிதிக்கத்தான் வரணும்."

தராசை முதலில் வெறுமையாகக் காட்டச் சொன்னேன். காட்டினார். செம்பு எண்பத்தோரு கிலோ. ஒரு கிலோ எங்கே என்று அந்தோணியம்மாள் முகம் சுருங்கியது. பச்சையாகிக் கரைந்து புளியோடு போனது அது, மணலில் தேய்ந்தது கொஞ்சம் என்று சொன்னேன். கடிதத்தைக் கொடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்து, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ஆறாயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு ரூபாய்.

திரும்பி வரும்போது வண்டியில் இடம் நிறைய இருந்தது. ஆனாலும் மூன்று பேரும் நெருங்கியே உட்கார்ந்து வந்தோம்.

24 ஜனவரி

இன்ஜின் வந்துவிட்டது. காசிலிங்கம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். "அந்த ஒயர்லேருந்தா?" என்று மூன்று முறை கேட்டாராம்.

28 ஜனவரி

தண்ணீர் ஏறியது.

22 மார்ச், புதன்

இன்று மட்டும் பதினோரு மாதிரிகள். ஏழாவது, காசிலிங்கம் அளம். மாதிரிச் சீட்டில் குத்தகைதாரர் பெயர் எழுதும் கட்டம் ஒரு விரல் நீளம்தான். "ஒன்பது பேரையும் எப்படி எழுதுவது?" என்றேன்.

"பத்தா எழுதுங்க" என்றாள் அந்தோணியம்மாள்.

சோதிக்கிறவள் பெயர் மாதிரியின்மேல் இருக்கக் கூடாது, அது முறையில்லை என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். வாசலில் அல்ல, உள்ளே, என் ஸ்டூலில் உட்கார்ந்து. ஒன்பது பெயரையும் பொடி எழுத்தில் எழுதினேன். கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறிப் போயிற்று.

உப்பு மாதிரிப் பையின் வாயை, விற்காமல் எடுத்துவைத்த செம்புக் கம்பி இழை ஒன்றால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்குள் பச்சை பிடித்துவிட்டது.

உப்பின் சுத்தம் 98.4 சதவிகிதம். நம்பாமல் மறுபடி செய்தேன். 98.4. அவள் போன பிறகு மூன்றாவது முறையும் செய்தேன். அது தேவையே இல்லை.

கம்பியைத் துலக்கவில்லை. தராசு அறையில், எடைக்கற்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.